திப்புக் கதையும் ஓராள் அரங்கும்

திப்புக் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே வழங்கிவந்த ஆவிபிடித்தல் கதைகளின் மையப் பாத்திரம் ஆகும். இறந்தும் அமைதியடையாத ஓர் ஆன்மா, உயிரோடு இருக்கும் ஒருவரின் உடலுக்குள் புகுந்து, அவர் வாய்வழியே தன் சொந்தக் குரலில் பேசுகிறது என்பதே இக்கதைகளின் கரு. இந்தக் கருவை வைத்து எஸ். ஆன்-ஸ்கி எழுதிய 'திப்புக்' என்னும் நாடகம் 1920 ஆம் ஆண்டு வார்சா நகரில் முதன்முதலாக மேடையேறியது. இன்றுவரை உலக அரங்கில் மிகுதியாக நடிக்கப்பட்ட யூத நாடகங்களுள் அது ஒன்று.

ஓர் ஊர் முழுவதையும் மேடையில் நிறுத்தும் பெரிய நாடகமாகத் தொடங்கிய இக்கதை, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறிய அரங்குகளை நோக்கி நகர்ந்தது. இருவர் மட்டுமே நடிக்கும் வடிவம் தோன்றியது. யூத நாட்டார் கதைகளை ஒரே நடிகர் நிகழ்த்தும் ஓராள் அரங்கும் அதே காலத்தில் வளர்ந்தது. இதில் ஒரு முரண் உள்ளது. யூத மரபுப்படி ஆவியை வெளியேற்றும் சடங்குக்குக் குறைந்தது பத்துப் பேர் கூட வேண்டும். பத்துப் பேர் தேவைப்படும் ஒன்றை ஒருவர் எப்படி நிகழ்த்துவது? திப்புக் கதையின் ஓராள் தழுவல் பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன.

சொல்லும் நம்பிக்கையும்

'திப்புக்' என்ற சொல் 'ஒட்டிக்கொள்', 'பற்றிக்கொள்' என்று பொருள்படும் எபிரேய வினையடியிலிருந்து பிறந்தது. திப்புக் ஒரு பூதமோ அரக்கனோ அன்று. அது ஒரு மனித ஆன்மா. செய்த பாவத்தினாலோ தீராத கடனினாலோ அடுத்த உலகுக்குள் நுழைய இயலாமல், ஒதுங்க ஓர் உடலைத் தேடும் ஆன்மா என்பது மக்கள் நம்பிக்கை. ஆகவே திப்புக்கைக் கண்டு ஊரார் அஞ்சினாலும், அதன் மீது இரக்கமும் கொண்டனர்.

இந்நம்பிக்கை 16 ஆம் நூற்றாண்டில், கலிலேயாவின் சஃபேத் நகரில் செழித்த கபாலா என்னும் யூத மறைஞானப் பள்ளியில் உறுதிபெற்றது. அங்கு வாழ்ந்த ஐசக் லூரியாவும் (1534–1572) அவர் மாணவர் ஹாயிம் விதாலும் ஆன்மாக்களின் மறுபிறப்பு பற்றியும் ஆவிகளை வெளியேற்றும் முறைகள் பற்றியும் கற்பித்தனர். 1602 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சான 'மாய்சே-புக்' என்னும் இத்திஷ் மொழிக் கதைத் தொகுப்பிலும் ஆவிபிடித்தல் கதை ஒன்று இடம்பெற்றுள்ளது. எபிரேயம் கற்காத பெண்களும் எளிய மக்களும் இத்தகைய நூல்களின் வழியே இக்கதைகளை அறிந்தனர்.

ஆவியை வெளியேற்றும் சடங்கு ஏறத்தாழ ஒரு விசாரணையாக நடைபெற்றது. உன் பெயர் என்ன, எந்த ஊர், எப்படி இறந்தாய், ஏன் இந்த உடலுக்குள் வந்தாய் என்று ரபி கேட்பார். பாதிக்கப்பட்டவரின் வாய்வழியே ஆவி விடை கூறும். சுற்றி நின்று ஊர் கேட்கும். கேட்பவர் ஒருவர், சாட்சியாக ஓர் ஊர், நடுவே இரு குரல்களில் பேசும் ஓர் உடல் என்ற இந்த அமைப்பில் நாடகம் ஏற்கெனவே அடங்கியிருந்தது.

ஒற்றைக் குரலின் மரபு

யூத சமூகத்தில் தொழில்முறை நாடக அரங்கு தோன்றியது காலத்தால் பிந்தியது. அதற்கு முன்பே ஒருவர் சொல்லப் பலர் கேட்கும் கலைகள் பல இருந்தன. ஊர் ஊராகச் சென்று உவமைக் கதைகளால் அறம் உரைத்த 'மகித்' என்னும் சொற்பொழிவாளர் அவர்களுள் முதன்மையானவர். 'துப்னோ ஊர் மகித்' என்று புகழ்பெற்ற யாக்கோப் கிரான்ஸ் (இறப்பு 1804) உவமை சொல்வதில் ஒப்பற்றவராக மதிக்கப்பட்டார். திருமண வீடுகளில் 'பத்கன்' என்பவர் எதுகையோடு பாட்டுக் கட்டி மணமகளை அழவைத்து, பின் விருந்தினரைச் சிரிக்கவைப்பார்.

ஹசிதிய இயக்கத்தில் கதை சொல்வதே ஒரு வழிபாடாகக் கருதப்பட்டது. பிரத்ஸ்லாவ் ஊரின் ரபி நாக்மன் (1772–1810) தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் 13 நீண்ட கதைகளைத் தம் சீடர்களுக்குச் சொன்னார். சீடர் நாதன் அவற்றை எழுதிவைத்து, 1815 இல் மேலே எபிரேயமும் கீழே இத்திஷும் அமைய அச்சிட்டார். இவற்றுள் இறுதிக் கதையான 'ஏழு பிச்சைக்காரர்கள்' பல நாள்களாகச் சொல்லப்பட்டது. ஆறு பிச்சைக்காரர்கள் வந்து தத்தம் கதையைக் கூறுகிறார்கள். ஏழாமவரின் கதை சொல்லப்படவே இல்லை. முடிவை நிறைவு செய்யாமல் கேட்பவரிடமே விட்டுவிடும் இத்துணிவு, பிற்காலக் கதைசொல்லிகளையும் நடிகர்களையும் திரும்பத் திரும்ப ஈர்த்தது.

நவீன இத்திஷ் நாடகம்கூடத் தனிக் கலைஞர்களிடமிருந்தே முளைத்தது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கலீசியாவின் பிரோதி நகரைச் சேர்ந்த பெர்ல் பிரோதரும் அவரைப் பின்பற்றியவர்களும் மதுக்கடைகளில் பாடினர். இவர்கள் 'பிரோதர் பாடகர்கள்' எனப்பட்டனர். ஆட்டிடையன், தண்ணீர் சுமப்பவன், இரவுக் காவலாளி என ஓர் ஏழைத் தொழிலாளியின் வேடத்தில் வந்து, அவனாகவே நின்று அவன் பாட்டைப் பாடுவது அவர்கள் பாணி. 1876 இல் ருமேனியாவின் யாசி நகரில் ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் இத்தகைய பாடகர்களைக் கொண்டே தம் நாடகக் குழுவைத் தொடங்கினார்.

ஆன்-ஸ்கியின் பயணம்

எஸ். ஆன்-ஸ்கி என்பது சுலோய்மே சான்வில் ராப்போபோர்ட் (1863–1920) என்பவரின் புனைபெயர். விதெப்ஸ்க் வட்டாரத்தில் பிறந்த இவர் இளமையில் மரபுவழி வாழ்வைத் துறந்து, ரஷ்யப் புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டு, பாரிசில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். பின்னர் தாம் விட்டுவந்த மக்களின் பண்பாடு அழிந்துவருவதை உணர்ந்து, அதைச் சேகரிக்கும் பணியில் இறங்கினார்.

1912 முதல் 1914 வரை, அவர் தலைமையிலான குழு ரஷ்யப் பேரரசின் வொலினியா, பொடோலியா பகுதிகளில் ஏறத்தாழ 70 சிற்றூர்களுக்குச் சென்றது. பாரன் விளாதிமிர் கின்ஸ்பர்க் பொருளுதவி செய்தார். இசையமைப்பாளர் ஜோயல் எங்கெல் பாடல்களை மெழுகு உருளைகளில் ஒலிப்பதிவு செய்தார். ஆன்-ஸ்கியின் உறவினரான சாலமோன் யூதோவின் ஒளிப்படங்கள் எடுத்தார். ஏறத்தாழ 2,000 ஒளிப்படங்கள், 1,800 நாட்டார் கதைகள், 1,500 நாட்டார் பாடல்கள், 500 ஒலிப்பதிவு உருளைகள், 700 பொருள்கள் ஆகியவை சேகரிக்கப்பட்டன. பிறப்பு முதல் இறப்புக்குப் பின்வரை மனித வாழ்வு பற்றி 2,087 கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்றும் உருவாக்கப்பட்டது. முதல் உலகப்போர் மூண்டதால் பயணம் நின்றது. மெழுகு உருளைகளில் பல இன்றும் கீவ் நகரின் வெர்னாட்ஸ்கி தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இப்பயணத்தில் கேட்ட கதைகளும் கண்ட வழக்கங்களுமே நாடகத்தின் மூலப்பொருள்கள். திருமண நாளன்று மணமகள் இடுகாட்டுக்குச் சென்று இறந்த பெற்றோரைத் திருமணத்துக்கு அழைக்கும் வழக்கமும், 1648 இல் கசாக்குக் கலகத்தின்போது மண விதானத்தின் கீழேயே கொல்லப்பட்ட மணமக்களின் கல்லறையை ஊரார் போற்றும் மரபும் நாடகத்தில் அப்படியே இடம்பெற்றுள்ளன.

கதைச் சுருக்கம்

'இரு உலகங்களுக்கு நடுவே' என்பது நாடகத்தின் மற்றொரு தலைப்பு. நான்கு அங்கங்கள் கொண்டது.

ஹனான் ஓர் ஏழை மறைநூல் மாணவன். செல்வர் செந்தரின் மகள் லேயாவை விரும்புகிறான். பணக்கார மாப்பிள்ளை தேடும் செந்தர் வேறிடத்தில் சம்பந்தம் பேசி முடிக்கிறார். கபாலாவின் மந்திர ஆற்றலால் அவளை அடைய முயன்ற ஹனான், அச்செய்தி கேட்டு விழுந்து இறக்கிறான். திருமண நாளன்று இடுகாட்டுக்குச் சென்று திரும்பிய லேயா, மணமகன் அருகில் வந்ததும் அவனை மறுக்கிறாள். அப்போது அவள் வாயிலிருந்து வருவது ஓர் ஆணின் குரல்.

லேயாவை மிரோபோல் ஊரின் முதிய ரபி அஸ்ரியேலிடம் அழைத்துச் செல்கின்றனர். அங்குப் பழைய உண்மை ஒன்று வெளிப்படுகிறது. இறந்துபோன நிசான் என்பவர் ஹனானின் தந்தை. அவரும் செந்தரும் இளமையில், தமக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாயின் மணமுடித்து வைப்பதாக வாக்குக் கொடுத்துக்கொண்டவர்கள். இறந்த நிசான் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுகிறார். திரையின் பின்னே அவர் இருப்பதாகக் கொண்டு வழக்கு நடக்கிறது. செந்தர் தம் செல்வத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், நிசானுக்கும் ஹனானுக்கும் ஆண்டுதோறும் இறந்தோருக்கான வேண்டுதலைச் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பு. பின்னர் சங்கம் போல் ஒலிக்கும் ஆட்டுக்கொம்பு ஊதி, ஆவி வெளியேற்றப்படுகிறது. லேயாவைக் காப்பதற்காக ரபி அவளைச் சுற்றி ஒரு வட்டம் வரைகிறார். தனித்து விடப்பட்ட லேயா, ஹனானின் குரல் கேட்டு வட்டத்தைத் தாண்டி அவனோடு சேர்கிறாள். அவள் உயிர் பிரிகிறது.

மேடையேற்றங்கள்

நாடகத்தை ஆன்-ஸ்கி முதலில் ரஷ்ய மொழியில் எழுதினார். மாஸ்கோ கலை அரங்கின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைப் பார்வையிட்டார். இரு உலகங்களுக்கும் இடையே நடமாடி, வரப்போவதைக் குறிப்பால் உணர்த்தும் 'தூதுவர்' பாத்திரம் அவர் ஆலோசனையால் சேர்க்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. புரட்சிக் காலக் குழப்பத்தில் அந்தத் தயாரிப்பு நிறைவேறவில்லை. கவிஞர் ஹாயிம் நாக்மன் பியாலிக் நாடகத்தை எபிரேயத்தில் மொழிபெயர்த்தார். 1918 இல் மாஸ்கோவிலிருந்து வெளியேறியபோது ஆன்-ஸ்கி தம் இத்திஷ் பிரதியை இழந்தார். பின்னர் பியாலிக்கின் எபிரேய மொழிபெயர்ப்பைக் கொண்டே அதை மீண்டும் இத்திஷில் எழுதினார். மக்கள் வாயிலிருந்து எடுத்த கதை மொழிபெயர்ப்பு வழியாகவே தன் தாய்மொழிக்குத் திரும்பியது.

தம் நாடகத்தை மேடையில் காணும் பேறு ஆன்-ஸ்கிக்குக் கிட்டவில்லை. 1920 நவம்பர் 8 அன்று அவர் இறந்தார். அவர் நினைவாக, முப்பது நாள் துக்கம் முடிந்த வேளையில், டிசம்பர் 9 அன்று வில்னா நாடகக் குழு வார்சாவில் அதை அரங்கேற்றியது. டேவிட் ஹெர்மன் இயக்கினார். மிரியம் ஓர்லெஸ்கா லேயாவாக நடித்தார்.

1922 ஜனவரி 31 அன்று ஹபிமா குழு மாஸ்கோவில் எபிரேய வடிவத்தை மேடையேற்றியது. இயக்குநர் யெவ்கேனி வக்தாங்கோவ் எபிரேயம் அறியாதவர், கடும் நோயுற்றிருந்தவர், அதே ஆண்டு மே மாதம் காலமானார். நதான் ஆல்ட்மன் காட்சியமைப்பையும், ஒலிப்பதிவுப் பயணத்தில் உடன்சென்ற எங்கெல் இசையையும் அமைத்தனர். திருமண விருந்துக்கு வந்த பிச்சைக்காரர்கள் மணமகளைச் சூழ்ந்து ஆடும் காட்சி இத்தயாரிப்பின் உச்சமாகப் பேசப்பட்டது. முடமும் கூனும் நோயும் கொண்ட உடல்கள் மேடையை நிறைத்தன. பிற்காலத் தழுவல்கள் அனைத்தும் இந்தக் கூட்டத்தின் நினைவோடு போட்டியிட வேண்டியிருந்தது.

ஒரே உடல், இரு குரல்கள்

ஹபிமாவின் லேயாவாகப் புகழ்பெற்றவர் ஹன்னா ரோவினா. மழலையர் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி பெற்ற இவர், வெண்ணிற மணவுடையும் நீண்ட பின்னல்களுமாகத் தோன்றிய உருவம் எபிரேய அரங்கின் அடையாளமாகவே ஆயிற்று. ஹபிமா 1926 இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, பின்னர் டெல் அவிவில் நிலைகொண்டது. 1958 இல் இஸ்ரேலின் தேசிய அரங்கானது. ரோவினா பல பத்தாண்டுகள் இந்த வேடத்தைத் தொடர்ந்து ஏற்றார்.

ஓராள் அரங்கின் வரலாற்றில் ரோவினாவின் நடிப்புக்குத் தனி இடம் உண்டு. அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நடித்தபோதும், நாடகத்தின் நடுப்புள்ளியில் நிகழ்ந்தது ஓர் உடலுக்குள் நடந்த உரையாடலே. ரபியிடம் ஹனானாகப் பேசுவதும் லேயாவாகத் தவிப்பதும் அந்த ஒரே உடல்தான். பார்வையாளர் இருவரையும் ஒரே முகத்தில் கண்டனர். ஒரு நடிகர் பலராக மாறுவது என்ற ஓராள் அரங்கின் அடிப்படை உத்தி இக்கதையில் வெளியிலிருந்து புகுத்தப்பட்டதன்று. அது கதையின் உள்ளேயே இருக்கிறது.

கூட்டம் மறைந்த பின்

1937 இல் மிகாவ் வாசின்ஸ்கி இயக்கத்தில் இந்நாடகம் இத்திஷ் திரைப்படமாக போலந்தில் எடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் படம் காட்டிய உலகமே இல்லாமற்போனது. நாஜிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களில் பாதிப்பேர் போலந்தைச் சேர்ந்தவர்கள். படத்தில் காதலர்களாக நடித்த லிலி லிலியானாவும் லியோன் லீப்கோல்டும் போர் மூண்டபோது அமெரிக்காவில் நாடகப் பயணத்தில் இருந்ததால் உயிர்பிழைத்தனர். முதல் லேயாவான மிரியம் ஓர்லெஸ்கா வார்சா கெட்டோவில் அடைக்கப்பட்டு, பின்னர் கொல்லப்பட்டார்.

ஆன்-ஸ்கி சென்ற ஊர்களும் இத்திஷ் பேசிய அரங்கப் பார்வையாளர்களும் போனபின், திப்புக் கதையின் பொருளும் மாறியது. இறந்தவர் உயிரோடிருப்பவரின் வாய்வழியே பேசுவது என்பது போருக்குமுன் ஒரு பழைய நம்பிக்கை. போருக்குப்பின் அது தப்பிப்பிழைத்தவரின் நிலையைச் சொல்லும் உருவகமாயிற்று. 1988 இல் அந்த்ஷேய் வாய்தா கிராக்கோவில் இந்நாடகத்தை இயக்கினார். 2003 இல் கிஷிஸ்தோஃப் வார்லிகோவ்ஸ்கி ஆன்-ஸ்கியின் நாடகத்தை, இன அழிப்பின் நினைவு பற்றி எழுதிய ஹன்னா கிராலின் கதையோடு இணைத்தார். யூதர்கள் ஏறத்தாழ இல்லாமற்போன போலந்தின் மேடையில் அந்த இறந்த குரல் மீண்டும் ஒலித்தது.

இதற்கு முன்பே, 1959 இல் அமெரிக்க நாடகாசிரியர் பாடி சாயெஃப்ஸ்கி 'பத்தாவது ஆள்' என்ற நாடகத்தை எழுதினார். நியூயார்க் அருகே ஒரு சிறிய தொழுகைக்கூடம். ஆவிபிடித்த ஓர் இளம்பெண். சடங்குக்குத் தேவையான பத்துப் பேரைச் சேர்க்க முதியவர்கள் படும் பாடு. திப்புக் கதையின் நவீனச் சிக்கல் ஆவியில் இல்லை, எண்ணிக்கையில் உள்ளது என்பதை இந்நாடகம் கண்டுகொண்டது.

வாசிப்பு மேடையும் ஓராள் அரங்கும்

ஒருவரே மேடையில் நின்று கதை நிகழ்த்துவதற்கு நவீன முன்னோடிகளும் உண்டு. எழுத்தாளர் ஷோலம் அலெய்கெம் (1859–1916) தம் கதைகளைத் தாமே வாசித்துக்காட்டி ஊர் ஊராகப் பயணம் செய்தார். 1908 இல் அத்தகைய பயணத்தின்போது பரனோவிச்சி ஊரில் காசநோயால் நிலைகுலைந்து விழுந்தார். பால்காரர் தேவ்யே தம் கதையை எழுத்தாளரிடமே நேரில் சொல்வதாக அமைத்த அவரது உத்தி, பிற்காலத் தனிநடிப்புக்குப் பெரிதும் பயன்பட்டது. வில்னா குழுவின் நடிகர்களுள் ஒருவரான ஹெர்ட்ஸ் கிராஸ்பார்ட் 'சொற்கச்சேரி' என்ற பெயரில் தனியே மேடையில் நின்று இத்திஷ் கதைகளையும் கவிதைகளையும் நிகழ்த்தினார்.

ஐசக் பாஷெவிஸ் சிங்கர் 1945 இல் வெளியிட்ட 'கிம்பெல்' பற்றிய கதையும் குறிப்பிடத்தக்கது. ஊராரால் ஏமாற்றப்படும் ஓர் எளிய மனிதன் தன் வாழ்வைத் தானே சொல்லும் இக்கதை, தன்மையில் அமைந்திருப்பதால் ஓராள் நிகழ்ச்சியாகப் பலமுறை மேடையேறியுள்ளது. இளமையில் ஹபிமாவில் பயின்ற நடிகர் தியடோர் பிக்கெல் (1924–2015), முதுமையில் ஷோலம் அலெய்கெமின் வாழ்வையும் பாத்திரங்களையும் இணைத்து ஓராள் நாடகம் ஒன்றை எழுதி நடித்தார். பெரும் குழுவில் தொடங்கித் தனி மேடையில் முடிந்த அவரது பயணம் இம்மரபு சென்ற திசையையே காட்டுகிறது.

1978 இல் கலிபோர்னியாவில் கோரி ஃபிஷர், ஆல்பர்ட் கிரீன்பெர்க், நவோமி நியூமன் ஆகியோர் 'பயணிக்கும் யூத அரங்கு' என்ற குழுவைத் தொடங்கினர். ஹசிதியக் கதைகளும் இத்திஷ் மரபும் அவர்களின் ஊற்றாக இருந்தன. 'சில வேளைகளில் உணவைவிடக் கதையே நமக்குத் தேவை' என்று பொருள்படும் தலைப்பில் ஃபிஷர் தனியே நிகழ்த்திய படைப்பு, மரபுக் கதைகளை ஓராள் அரங்காக்கியதற்கு நல்ல சான்று.

திப்புக் கதையையே மிகச் சிறிய வடிவுக்குக் கொண்டுவந்தவர் புரூஸ் மையர்ஸ் (1942–2020). பீட்டர் புரூக்கின் குழுவைச் சேர்ந்த இவர், புரூக்கின் 'மகாபாரதம்' திரைப்படத்தில் விநாயகராகவும் கிருஷ்ணராகவும் நடித்தவராக இந்தியர்களுக்கு அறிமுகமானவர். அவரது 'இருவருக்கான திப்புக்' வடிவத்தில், ஓய்வுநாள் இரவு உணவுக்கு அமர்ந்த ஒரு தம்பதி இக்கதையைப் பேசத்தொடங்கி, மெல்ல மெல்ல அதன் பாத்திரங்களாகவே மாறுகின்றனர். ஊர், நீதிமன்றம், இடுகாடு எல்லாம் ஒரு வீட்டு மேசையைச் சுற்றி எழுகின்றன.

ஓராள் தழுவலின் சிக்கல்கள்

திப்புக் கதையை ஒருவரே நிகழ்த்தும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, சொல்பவர் யார் என்பது. தூதுவர் சொன்னால் கதை விதியின் கதையாகிறது. லேயாவை வளர்த்த முதிய செவிலி சொன்னால் ஒரு குடும்பத்தின் துயரமாகிறது. தந்தை செந்தர் சொன்னால், ஆண்டுதோறும் வேண்டுதல் சொல்லித் தீர்க்க வேண்டிய கடனின் கதையாகிறது. லேயாவே சொன்னால், அவளுக்குள் பேசும் குரல் யாருடையது என்ற ஐயம் இறுதிவரை தொடரும். மூலக்கதையில் ஆவி, ரபி, தந்தை என எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகின்றனர். அவள் தனக்காகப் பேசும் இடங்கள் குறைவு. லேயாவைச் சொல்பவராக்கும் தழுவல் இக்குறையை நேராக எதிர்கொள்கிறது.

இரண்டாவது, குரல். நடிகர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வெவ்வேறு குரல் மாற்றினால், ஆவியின் குரல் அவற்றுள் ஒன்றாகக் கரைந்துபோகும். லேயா வாய்வழியே ஹனான் பேசும் கணம் கேட்பவரைத் திடுக்கிடச் செய்ய வேண்டுமாயின், அதற்குமுன் வரும் பாத்திரங்களை உடல்நிலை, பார்வை, பேச்சின் வேகம் ஆகியவற்றால் மட்டுமே வேறுபடுத்திக் காட்டுவது தக்கது. குரல் மாற்றத்தை அந்த ஒரு கணத்துக்காகச் சேமித்துவைக்க வேண்டும்.

மூன்றாவது, பொருள்கள். இக்கதைக்குக் காட்சியமைப்பு மிகுதியாகத் தேவையில்லை. மணமகளின் முகத்திரை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு துணித்திரை, தரையில் வரையும் ஒரு வட்டம் ஆகியவை போதும். இறந்த நிசானின் வழக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூலநாடகத்திலேயே அவர் மேடையில் தோன்றுவதில்லை. திரைக்குப் பின்னிருந்து அவர் கூறுவதை ஒரு ரபி கேட்டுச் சொல்கிறார். ஒருவர் கேட்டு மற்றவர்க்கு உரைத்தல் என்பது கதைசொல்லியின் பணியே. இக்காட்சி ஒரு சொல்லும் மாறாமல் ஓராள் அரங்குக்குப் பொருந்துகிறது.

நான்காவதும் கடினமானதும் கூட்டம். மரபுவழி யூத வழக்கில், 13 வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கொண்ட 'மின்யான்' இல்லாமல் பொதுத் தொழுகை நடைபெறாது. இறந்தோருக்கான வேண்டுதலையும் சொல்ல இயலாது. ஒரே நடிகர் இந்த எண்ணிக்கையை நடித்துக் காட்ட முடியாது. பத்துப் பேராக மாறி மாறித் தோன்றுவது கேலிக்கூத்தாகிவிடும். அவர் செய்யக்கூடியது பார்வையாளர் பக்கம் திரும்புவது ஒன்றே. ரபி அஸ்ரியேல் சாட்சிகளை நோக்கிப் பேசும் சொற்களை நடிகர் அரங்கை நோக்கிப் பேசும்போது, வாங்கிய நுழைவுச்சீட்டோடு அமர்ந்திருப்பவர்கள் தம்மை அறியாமலே அந்த ஊராகின்றனர்.

முக்கியத்துவம்

ஓராள் தழுவல் பெரும்பாலும் செலவுக் குறைவு காரணமாகத் தேர்ந்தெடுக்கப்படும் எளிய வடிவம் என்று கருதப்படுகிறது. அக்கருத்தில் உண்மை உண்டு. சிறு குழுக்களுக்குப் பலரைக் கொண்டு நாடகம் நடத்தும் வசதி இருப்பதில்லை. ஆனால் திப்புக் கதையைப் பொறுத்தவரை, ஓராள் வடிவம் வேறொன்றையும் செய்கிறது. ஹபிமாவின் மேடையில் ஓர் ஊர் இருந்தது. அவையில் அந்த ஊரை அறிந்தவர்கள் இருந்தனர். இன்றைய மேடையில் ஒருவர் தனியே நிற்பது, இல்லாமற்போனவர்களின் இடத்தை வெறுமையாகவே காட்டுகிறது. அந்த வெறுமையை மறைக்க முயலாத தழுவல்களே நேர்மையானவை.

மகித், பத்கன், ரபி நாக்மன், பிரோதர் பாடகர் என ஒரு குரலிலிருந்து தொடங்கிய இம்மரபு, ஆன்-ஸ்கியின் நாடகத்தில் ஓர் ஊரின் குரலாக விரிந்து, வரலாற்றின் கொடுமையால் மீண்டும் ஒரு குரலுக்குத் திரும்பியுள்ளது. இரு வடிவங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மகித் பேசியபோது பத்துப் பேர் ஏற்கெனவே கூடியிருந்தனர். இன்றைய ஓராள் நடிகர், கதையைச் சொல்லித்தான் அந்தப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.